சிறுத்தைக் குட்டின்னு தூக்கிடாதீங்க... ஒன்றரை கிலோ காட்டுப்பூனை! துரும்பன் பூனை பற்றித் தெரியுமா?

கரும்பு வெட்டு நடக்கிறது. சோகைக்குள் உள்ளங்கை அளவில் இரண்டு குட்டிகள். உடம்பெல்லாம் கரும்புள்ளி. "ஐயோ, சிறுத்தைக் குட்டி!" என்று ஒருத்தர் கத்தினால் போதும், அன்றைக்கு வேலையே நின்றுவிடும்.

மகாராஷ்டிராவின் கரும்பு வயல்களில் அறுவடை சீசனில் இப்படி நடப்பதுண்டு. அங்கே சிறுத்தைகள் கரும்புக்குள்ளேயே குட்டி போடும் என்பதால் பயம் நியாயமானதுதான். ஆனால் வனத்துறையினர் வந்து பார்த்தால், சில நேரம் அது சிறுத்தையே இல்லை. துரும்பன் பூனை!

யார் இந்தத் துரும்பன்?

ஒரு பெரிய ஆண் வங்கப்புலி 200 கிலோவைத் தாண்டும். அதே பூனைக் குடும்பத்தில் பிறந்த இந்தத் துரும்பனோ 0.9 முதல் 1.6 கிலோ வரைதான்! நம்ம வீட்டுப் பூனையின் எடையில் பாதிகூட பெரும்பாலும் தேறாது. உலகின் மிகச்சிறிய காட்டுப்பூனைகளில் இதுவும் ஒன்று. ஆப்பிரிக்காவின் கருங்கால் பூனை மட்டும்தான் இந்தப் பட்டத்துக்குப் போட்டி.

சாம்பல் நிற உடம்பில் இரும்புத் துரு நிறத்தில் புள்ளிகள், நெற்றியில் கறுப்புக் கோடுகள், பெரிய கண்கள். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இது கிடையாது.

நமக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. இந்தப் பூனைக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் இசிதோர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர். அது 1831இல். அவர் கையில் இருந்த மாதிரி எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம புதுச்சேரியில் இருந்து!

அப்புறம் ஏன் நம்ம கண்ணில் படுவதில்லை?

பகலில் மரப்பொந்திலோ புதரிலோ தூங்கும். இருட்டினால்தான் வேட்டை. எலி, சிறு பறவை, பல்லி, தவளை, பூச்சி என எது கிடைத்தாலும் சரி. மரம் ஏறுவதில் கில்லாடி. காட்டில்தான் இருக்கும் என்றும் இல்லை. தென்னிந்தியாவில் வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊரில், வீட்டுப் பரணிலேயே குட்டி போட்டிருக்கிறது. வயல் எலியைத் தின்கிற பூனை வயலுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஒரு ஈற்றில் 1 முதல் 3 குட்டிகள். பிறக்கும்போது ஒரு குட்டி சுமார் 70 கிராம்தான். குழப்பமே இங்கேதான். குட்டியாக இருக்கும்போது புள்ளிகள் கறுப்பாக இருக்கும், துரு நிறம் வளர வளரத்தான் வரும். அதனால்தான் சிறுத்தைக் குட்டி என்று பயந்துவிடுகிறார்கள்.

2016இல் இந்தப் பூனையை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியது. வாழிடம் சுருங்குவது, சாலையில் வாகனம் மோதுவது, தெருநாய்கள் என்று ஆபத்துகள் பல. இந்திய வனவிலங்குச் சட்டத்தில் இது அட்டவணை 1. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் இதற்கும். அழகா இருக்கேன்னு வீட்டில் வளர்த்தால் குற்றம்!

குட்டியைப் பார்த்தால் என்ன செய்யணும்?

தொடாதீங்க. அம்மா விட்டுட்டுப் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஆள் சத்தம் கேட்டுப் பக்கத்தில் எங்கேயோ பதுங்கியிருக்கும். தள்ளி நின்று, பெரியவங்ககிட்ட சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுங்க. மகாராஷ்டிராவில் இதை எப்படிச் செய்றாங்க தெரியுமா? குட்டிகளைப் பெட்டியில் வைத்து, கண்டெடுத்த அதே இடத்திலேயே விட்டு, பக்கத்தில் கேமரா பொருத்திவிட்டு ஒதுங்கிடுவாங்க. ராத்திரி அம்மா வந்து, கழுத்தைக் கவ்வி, ஒவ்வொன்றாகத் தூக்கிட்டுப் போயிடும்.