வளைகுடாவில் கவனக்குறைவுக் கோளாறு: குறும்பா, குறைபாடா?

ஐக்கிய அரபு அமீரகத்திலும் பிற வளைகுடா நாடுகளிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு, பிள்ளை வகுப்பில் ஓரிடத்தில் அமர்வதில்லை என்று பள்ளியிலிருந்து வரும் கடிதமே முதல் அதிர்ச்சியாகிறது. இது வெறும் குறும்பா அல்லது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறா என்ற கேள்விக்கு இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ விடை தருவதில்லை.

உலக அளவில் சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்கும், ஏறத்தாழ 2.5 சதவீதப் பெரியவர்களுக்கும் இக்கோளாறு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

அளவுகோல்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறை, கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும், மிகைச் செயல்பாட்டுக்கும் அவசரப்படும் இயல்புக்கும் 9 அறிகுறிகளையும் பட்டியலிடுகிறது. இவற்றில் ஏதேனும் ஒரு பட்டியலில் குழந்தைகளுக்குக் குறைந்தது 6, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 அறிகுறிகள், ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே அவை தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது அவை தென்பட வேண்டும்.

எனவேதான் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே வினாப்படிவங்கள் கேட்கப்படுகின்றன. செவித்திறன், பார்வை, உறக்கம், பதற்றம், கற்றல் குறைபாடு ஆகியனவும் ஆராயப்பட வேண்டும். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், பாடமாக அரபு என்று வளரும் குழந்தை, பாடம் புரியாமலும் கவனம் சிதறக்கூடும். மறுபுறம், துள்ளித் திரியாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண் குழந்தைகளின் கோளாறு கவனிக்கப்படாமலே போவதுண்டு.

பெரியவர்கள்

பிள்ளைக்கு நோய் கண்டறியப்படும்போதுதான் தமது நிலையையும் உணரும் தந்தையரும் தாய்மாரும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 6 கேள்விகள் கொண்ட படிவம் முதற்கட்டச் சோதனைக்கு மட்டுமே உதவும். குழந்தைப்பருவச் சான்று அவசியம் என்பதால், ஊரிலுள்ள பெற்றோரின் நினைவுகளும் பழைய மதிப்பெண் அட்டைகளும் மருத்துவருக்குப் பெருந்துணையாகின்றன.

சட்டமும் மருந்தும்

சிறப்புத் தேவை என்பதே கல்வி நிலையத்தில் சேர்வதற்குத் தடையாகாது என்று அமீரகத்தின் 2006ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. அனைவரையும் உள்ளடக்கிய கல்விக்கான கொள்கையை துபாய் 2017இல் வெளியிட்டது. இந்த உரிமையைக் கோரி உதவி பெற, முறையான மதிப்பீட்டு அறிக்கை பெற்றோருக்குத் துணைநிற்கும்.

மருந்து விடயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மெத்தில்ஃபெனிடேட் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாகும். அதனை எடுத்துவருவோர் மருந்துச்சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் அளித்து, பயணத்துக்கு முன்பே அரசின் அனுமதியைப் பெற வேண்டும். ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை கத்தார் அனுமதிப்பதில்லை. இலண்டனிலோ சென்னையிலோ மருத்துவர் எழுதித்தந்த சீட்டு மட்டுமே விமான நிலையத்தில் பாதுகாப்பு ஆகிவிடாது.

அவசரத்தில் முத்திரை குத்துவதும், அவமானம் அஞ்சி மறைப்பதும் ஒரே அளவு தீங்கானவை. இரண்டுக்கும் இடையே இருப்பது, பொறுமையான மதிப்பீடு ஒன்றே.