வேர்க்காத குதிரையும் நம் வணிகர்மேல் விழுந்த பழியும்

பாண்டிய நாட்டுக் கரையில் குதிரை விற்ற முஸ்லிம் வணிகர்களைப் பற்றி ஒரு பழி எழுநூறு வருடங்களாக நூல்களில் நின்றுகொண்டிருக்கிறது. குதிரை வைத்தியம் தெரிந்த எவரையும் இவர்கள் அந்த நாட்டுக்குக் கூட்டி வரவில்லை, தாமாக வர நினைத்தவர்களையும் தடுத்துவிட்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம் என்பதுதான் அவர்களின் கணக்கு என்பது அந்தப் பழி. எழுதிவைத்தவர் மார்க்கோ போலோ. பின்னால் வந்த பலரும் அதை அப்படியே எடுத்து எழுதினார்கள். நம்மவர்களிலேயே சிலர் இதைப் படித்துவிட்டு, "யாவாரம் எண்டா அப்பிடித்தானே" என்று சிரித்துக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதை மறுக்க உணர்ச்சி மட்டும் போதாது. அந்தக் குதிரைகள் ஏன் செத்தன என்று முதலில் கேட்க வேண்டும். விடையின் ஒரு பகுதி ஏட்டில் இருக்கிறது. இன்னொரு பகுதி குதிரையின் தோலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் முயற்சி.

இரண்டு சாட்சிகள்

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இந்தக் கடலைக் கடந்து போனவர். அரபு நூல்கள் மஃபர் என்று அழைத்த சோழமண்டல, பாண்டிய நாட்டுக் கரை அவருடைய நூலில் விரிவாக வருகிறது. ஹுர்முஸ், கீஷ், ழபார், ஷிஹ்ர், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்தன. அரசர் ஒருவர் மட்டும் வருடத்துக்கு 2,000க்கு மேல் வாங்கினார், அவருடைய சகோதரர்களும் அதே அளவு வாங்கினார்கள், வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியாமையே காரணம் என்றும் சொல்கிறார். வேகவைத்த சோற்றோடு இறைச்சியைக் கலந்து குதிரைக்கு ஊட்டினார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. வணிகர் மேலான அந்தப் பழி இந்த இடத்தில்தான் வருகிறது, அதுவும் ஓரிரு வரியில்.

இரண்டாவது சாட்சி வஸ்ஸாஃப். ஈரானில் மங்கோலிய ஆட்சியின் கீழ் பாரசீக மொழியில் வரலாறு எழுதியவர். அவர் தரும் கணக்கு பெரியது. கீஷ் தீவின் அதிபதியான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் வருடத்துக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களையும் சேர்த்தால் வருடத்துக்கு 10,000. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றால் மொத்தம் 22 இலட்சம் தீனார். வழியில் ஒரு குதிரை செத்தாலும் அதன் விலையை அரச கருவூலம் கொடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடத்தில் அமைச்சராக இருந்தார். காயல் உட்பட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

குதிரைகள் கெட்டுப்போன விதத்தை வஸ்ஸாஃப் ஒழுங்காக விவரிக்கிறார். வந்திறங்கிய குதிரைக்குப் பச்சை வாற்கோதுமை கிடைப்பதில்லை. வறுத்த தானியமும் நெய் பிசைந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் கயிற்றில் கட்டிப்போட்டார்கள். பிறகு பழக்கம் எதுவும் கொடுக்காமல் ஒரேயடியாக ஏறி ஓட்டினார்கள். கொஞ்ச நாளில் வேகமான குதிரை சோர்ந்து, மந்தமாகி, எதற்கும் உதவாமல் போனது. அந்த நாட்டின் காலநிலையையும் போகிற போக்கில் தொட்டுச் செல்கிறார். வைத்தியரைத் தடுத்த கதை மட்டும் அவரிடத்தில் இல்லை.

திடகாத்திரமாக வந்த குதிரை சாவதற்கு முன்னால் சோர்ந்து மந்தமாகிறது என்ற அந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்வோம்.

உப்புக்காற்றுள்ள கரை

நான் நுரைச்சோலைக்காரன். கற்பிட்டிக் குடாநாட்டின் இந்த மணல் துண்டுக்கு ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல். மன்னார் வளைகுடாவைக் கடந்தால் வடமேற்கே தாமிரபரணியின் முகத்துவாரம்; பழைய காயல் அங்கேதான் இருந்தது. இரண்டும் ஒரே கடலின் இரண்டு கரைகள். இரண்டிலும் மழை குறைவு, வெயில் கடுமை. ஆனாலும் காற்றில் ஈரம் நிறைய. வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று அசையாத நாளில் சட்டை முழுக்க நனைந்திருக்கும், உடம்பு மட்டும் குளிராது. வேர்வை வழிந்து கீழே சொட்டினால் பிரயோசனமில்லை. அது தோலிலிருந்து ஆவியாகப் போனால்தான் சூட்டையும் கொண்டுபோகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகிற வேகம் குறைந்துவிடும்.

பிராணிகளில் மனிதனைப் போல வேர்வையை நம்பி வாழ்வது குதிரை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். குதிரை அப்படிச் சமாளிக்க முடியாது. அதன் தசை செலவழிக்கிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளிவருகிறது. கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணித்தியாலத்தில் 10 முதல் 15 லீற்றர் வரை வேர்க்கும். அந்த வேர்வையில் லாதரின் என்ற புரதம் இருக்கிறது. மெழுகுத்தன்மையான உரோமத்தில் வேர்வை பரவி ஆவியாக உதவுவது அதுதான். ஓடிக் களைத்த குதிரையின் கழுத்தில் வெள்ளை நுரை படிவதும் அதனாலேயே. நம் இரத்தத்தை விட உப்பு கூடிய வேர்வை அது. ஆகவே குதிரை தண்ணீரோடு உப்பையும் ஏராளமாக இழக்கிறது.

வேர்க்காமை என்ற நோய்

சில குதிரைகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் சில வாரம், சில மாதம் இருந்த பிறகு வேர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. மருத்துவத்தில் இதன் பெயர் அன்ஹைட்ரோசிஸ். 1920களில் இங்கிலாந்திலிருந்து வெப்பநாட்டுக் காலனிகளுக்குக் கொண்டுபோன பந்தயக் குதிரைகளில் இதை மிருக வைத்தியர்கள் கண்டு எழுதினார்கள். 'உலர்ந்த தோல்' என்ற பொருளில் 'ட்ரை கோட்' என்பது அன்றைய பேச்சு வழக்கு.

நடப்பது இதுதான். குதிரையின் வேர்வைச் சுரப்பியைத் தூண்டுவது அட்ரினலின். இரவிலும் சூடு தணியாத நாட்டில் அந்தத் தூண்டல் ஓய்வில்லாமல் தொடர்ந்தால் சுரப்பிகள் மரத்துப்போகின்றன என்பது இன்றைய பொதுவான விளக்கம். ஆரம்பத்தில் குதிரை வழக்கத்துக்கு மேல் வேர்ப்பதும் உண்டு. பிறகு பிடரி மயிரின் கீழும் சேணம் கிடக்கும் இடத்திலும் தொடைகளுக்கு நடுவிலும் மட்டும் ஈரம் தெரியும். மற்ற இடமெல்லாம் உலர்ந்து, முகத்தில் மயிர் உதிரும். நாசி விரிய மூச்சு வாங்கும். வேலை முடிந்து நிழலில் நின்ற பிறகும் உடம்புச் சூடு 40 பாகை செல்சியஸுக்கு மேலேயே நிற்கும். தீனியில் நாட்டம் குறையும், மந்தமாகும். அந்த நிலையில் வெயிலில் ஓட்டினால் சூட்டு அதிர்ச்சியில் விழுந்து சாகும்.

வஸ்ஸாஃப் எழுதிய சோர்ந்த, மந்தமான, உதவாத குதிரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்று வேர்க்காத குதிரையை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நிழல், காற்றாடி, அடிக்கடி தண்ணீர் தெளிப்பு, உப்புக் கலந்த தண்ணீர். தானியத் தீனியைக் குறைத்து புல்லைக் கூட்டுவது. வேலை கொடுத்தால் சுபஹுக்குப் பிறகான குளிர்ந்த நேரத்தில் மட்டும் கொடுப்பது. புதிதாக வந்த குதிரையை இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குவது. இவையெல்லாம் சமாளிப்புகள்தான். நோய் வந்த குதிரைக்கு நிச்சயமான வழி ஒன்றே: குளிர்ந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவது. அங்கே போனால் பெரும்பாலும் மறுபடி வேர்க்கத் தொடங்கும். திரும்பக் கொண்டுவந்தால் திரும்பவும் நிற்கலாம். ஊசியும் ஆய்வுகூடமும் உள்ள 21ஆம் நூற்றாண்டிலும் உறுதியாகக் குணமாக்கும் மருந்து இல்லை.

இந்தப் பட்டியலோடு பாண்டியர் இலாயத்தை ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் தலைகீழாக இருக்கிறது. நாற்பது நாள் கட்டிவைத்ததால் வெயிலில் உழைக்கும் பழக்கம் குதிரைக்கு வரவில்லை. நெய்யும் தானியமும் கொழுப்பை ஏற்றின. கொழுப்பு உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். பிறகு ஒரே நாளில் கடும் ஓட்டம். வேர்க்கிற குதிரைகூட இதைத் தாங்குவது கஷ்டம்.

ஒரு எல்லைக்கோடு

பாண்டியரின் குதிரைகள் எல்லாம் வேர்க்காமையால் செத்தன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது மார்க்கோ போலோவின் வரியைவிடப் பலவீனமான கூற்றாகும். இன்று ஈரப்பதம் மிகுந்த புளோரிடாவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் நூற்றுக்கு இரண்டு குதிரைகள் அளவில்தான் இந்த நோய் தெரிந்தது. சோறும் இறைச்சியும் குதிரையின் குடலுக்கு ஆகாது. வயிற்று நோவில் பல செத்திருக்கும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய் இந்தியாவில் குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்தது. அதன் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் கண்டது 1880இல்தான். நீண்ட கடல் பயணத்தில் மெலிந்து வந்த குதிரைகளும் இருந்திருக்கும். நான் சொல்வது இவ்வளவே: கண்ணுக்குத் தெரியாத காரணங்கள் பல அந்தக் கரையில் வேலை செய்தன, அவற்றில் வெப்பமும் ஈரமும் முக்கியமானவை. அன்றைய எந்த வைத்தியரும் அவற்றைத் தடுத்திருக்க முடியாது.

முஸ்லிம் உலகில் குதிரை வைத்தியம் தெரியாமல் இல்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அஃகீ ஹிஸாம் அப்பாஸியர் காலத்தில் குதிரையேற்றம், குதிரை வைத்தியம் பற்றி நூல் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் அபூபக்ர் அல்பைத்தார் மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதுக்காக ஒரு பெரிய நூல் செய்தார். அப்படிப்பட்ட ஒரு பைத்தார் காயலில் வந்து இறங்கியிருந்தால் தீனியைத் திருத்தியிருப்பார், லாடம் அடித்திருப்பார். அதனால் சில குதிரைகள் பிழைத்திருக்கும். காற்றின் ஈரத்தை அவர் என்ன செய்திருக்க முடியும்?

கழுதையும் நெடுந்தீவுக் குதிரையும்

இங்கே எங்கட பக்கத்து சாட்சிகள் இரண்டைச் சேர்க்கிறேன்.

புத்தளம், கற்பிட்டி, மன்னார் தெருக்களில் கழுதைகள் திரிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரபு வணிகர் கொண்டுவந்தவை என்று எங்கட மூத்தவர்கள் சொல்லுவாங்க. கழுதை பாலைவனப் பிராணி; தண்ணீர் குறைந்தாலும் சூடு கூடினாலும் தாங்கும். யாரும் பராமரிக்காமலே இந்தக் கரையில் நின்று பெருகிவிட்டது.

மற்றது நெடுந்தீவு. அங்கே போர்த்துக்கேயர் விட்ட, ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்றும் காட்டுக் குதிரைகளாக மேய்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு எங்கட பகுதிக்கு வந்த யாழ்ப்பாணத்து வயசாளி ஒருவர் அவற்றைப் பற்றி என்னிடம் சொன்னது: "மட்டக் குதிரையள் தம்பி. உச்சி வெயில்ல ஓடாதுகள். விடியவும் அசருக்குப் பிறகும்தான் மேய்ச்சல். அதுகளுக்கு வெயில் தெரியும்."

வெயில் தெரிந்த குதிரை என்பது நல்ல சொல். பல தலைமுறையாக இங்கேயே பிறந்து, தாங்காதவை செத்து, தாங்கியவை பெருகிய கூட்டம் அது. உடம்பு சிறுத்தால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு கூடும், சூடு சீக்கிரம் இறங்கும். இந்த நாட்டில் குதிரை இனம் பெருகவே பெருகாது என்றார் மார்க்கோ போலோ. நெடுந்தீவு அதற்கு மறுப்பு. ஆனால் படைக்கு வேண்டியது மட்டக் குதிரை அல்ல, உயர்ந்த அரபுக் குதிரை. ஆகவே மன்னர்கள் ஒவ்வொரு வருடமும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா பத்தாலாவில், அதாவது புத்தளத்தில், ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலைக்குப் போக மன்னர் அவருக்குக் கொடுத்தது ஆட்கள் தோளில் சுமக்கும் பல்லக்கு.

பழியை எப்படி எழுதுவது

நம் வணிகர்கள் அவ்லியாக்கள் அல்லர். 220 தீனார் விலையும், செத்த குதிரைக்கும் பணம் என்ற ஒப்பந்தமும் அவர்களுக்குக் கொள்ளை இலாபம். குதிரைகள் சீக்கிரம் சாவது அவர்களுக்குத் தெரியும், அது அவர்களுக்கு நட்டமும் இல்லை. இதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. சூரா ஆதியாத்தை ஓதி வளர்ந்த ஒரு சமூகம் அந்தப் பிராணிகளின் வேதனையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

ஆனால் இலாபம் பெற்றதும் திட்டமிட்டுக் கொன்றதும் ஒன்றல்ல. முதலாவதற்கு வஸ்ஸாஃபின் கணக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு இருப்பது ஒரு பயணியின் ஓரிரு வரி. அந்த வணிகர் கூட்டத்தையே நன்றாக அறிந்த வஸ்ஸாஃப் அதைச் சொல்லவில்லை. வாங்கியவரின் இலாயத்தில் தவறான தீனியும் தவறான பழக்கமும் இருந்தன என்பதில் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள். மீதியைக் கடற்கரைக் காற்று செய்தது.

நம் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுகிறவர்களிடமும், சஞ்சிகைகளில் ஆய்வு எழுதுகிறவர்களிடமும் நான் கேட்பது சிறிய திருத்தம் ஒன்றுதான். 'முஸ்லிம் வணிகர்கள் குதிரை வைத்தியர்களைத் தடுத்தார்கள்' என்று எழுதாதீர்கள். 'தடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்' என்று எழுதுங்கள். அடுத்த வரியில் அந்த நாட்டு வெயிலையும் ஈரத்தையும் எழுதுங்கள்.