இந்திய மீநாயக இயங்குபடத் தொடர்களில் கதைமாந்தர் அறிமுகம்

இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மீநாயக (சூப்பர் ஹீரோ) இயங்குபடத் தொடர்களின் நாயகர்களில் பலர் அத்தொடர்களுக்காகவே புதிதாகப் படைக்கப்பட்டவர்கள் அல்லர். சிலர் இதிகாசத்திலிருந்தும், சிலர் நேரடி நடிப்புத் தொடரிலிருந்தும், சிலர் திரைப்படத்திலிருந்தும் இயங்குபடத்துக்கு வந்தனர். வேறு சிலர் இன்னொரு நாயகனின் கதையில் விருந்தாளியாகத் தோன்றிப் பின்னர் தனித் தொடர் பெற்றனர். ஒரு கதைமாந்தர் எங்கே, எந்த ஆண்டில் முதலில் தோன்றினார் என்பது பொதுவாகத் துணுக்குச் செய்தியாகவே கருதப்படுகிறது. ஆயினும் இந்த முதல் தோற்றங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், இந்தியக் குழந்தைகளின் நாயகர்கள் எந்த மொழியிலிருந்தும் எந்தத் துறையிலிருந்தும் உருவாகின்றனர் என்பதை அறியலாம். தமிழ்த் திரைப்படம் ஒன்றின் கதைமாந்தரும் இவ்வரிசையில் இடம்பெறுகிறார்.

முதல் தோற்றம்

வரைகதை, இயங்குபடம் ஆகிய துறைகளில் ஒரு கதைமாந்தர் முதன்முதலாக வெளிவந்த இதழோ அத்தியாயமோ அவரது 'முதல் தோற்றம்' எனப்படுகிறது. முதல் தோற்றம் எப்போதும் பெரிய அறிமுகமாக அமைவதில்லை. 1929ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க நாளிதழ் வரைகதை ஒன்றில் பாப்பாய் என்னும் மாலுமி துணைப் பாத்திரமாகவே தோன்றினார். அந்த வரைகதை அப்போது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவந்துகொண்டிருந்தது. விரைவிலேயே அதன் நாயகரான பாப்பாய், 1933இல் இயங்குபடத்துக்கும் வந்தார்.

மொழிமாற்றம் வழியாக வரும் கதைமாந்தருக்கு இரண்டு முதல் தோற்றங்கள் உண்டு. ஒன்று மூலமொழியில் பிறந்த நாள். மற்றது வாசகரின் மொழிக்கு வந்த நாள். பிரித்தானிய இதழான 'வேலியன்ட்'டில் 1962இல் அறிமுகமான 'தி ஸ்டீல் கிளா' கதையின் நாயகன், 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாக 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் தமிழுக்கு வந்தார். மூலக்கதையை அறியாத தமிழ் வாசகர்கள் பலருக்கு அவர் தமிழ் நாயகராகவே நிலைத்துவிட்டார். தொலைக்காட்சி நாயகர்களும் பின்னர் இதே முறையில் தமிழுக்கு வந்தனர்.

அமெரிக்கத் தொடர்களில் புதிய கதைமாந்தர்

அமெரிக்காவில் மீநாயகர்கள் பெரும்பாலும் வரைகதையில் பிறந்து தொலைக்காட்சிக்குச் சென்றவர்கள். ஆனால் சில கதைமாந்தர் எதிர்த்திசையில் பயணித்தனர்.

1981இல் தொடங்கிய 'ஸ்பைடர்-மேன் அண்ட் ஹிஸ் அமேசிங் பிரண்ட்ஸ்' தொடரில் நெருப்பு ஆற்றல் கொண்ட ஒரு தோழர் தேவைப்பட்டார். அதற்கு ஏற்ற 'ஹியூமன் டார்ச்' பாத்திரத்தைப் பயன்படுத்த முடியாததால் ஃபயர்ஸ்டார் என்னும் பெண் பாத்திரம் புதிதாகப் படைக்கப்பட்டது. 1985இல் அவர் மார்வெல் வரைகதைகளின் முதன்மைக் கதையுலகிலும் சேர்க்கப்பட்டார்.

1992 செப்டம்பர் 11 அன்று ஒளிபரப்பான 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' அத்தியாயத்தில் ஜோக்கரின் உதவியாளராக ஹார்லி குவின் தோன்றினார். பால் டினி, புரூஸ் டிம் ஆகியோர் ஒரே ஓர் அத்தியாயத்துக்கென்றே இப்பாத்திரத்தை உருவாக்கினர். பார்வையாளரிடம் கிடைத்த வரவேற்பால் அவர் தொடரில் நீடித்து, 1993இல் வரைகதைக்கும் பின்னர் திரைப்படங்களுக்கும் சென்றார். 2003இல் 'எக்ஸ்-மென்: எவல்யூஷன்' தொடரில் அறிமுகமான எக்ஸ்-23 என்னும் சிறுமி அடுத்த ஆண்டே வரைகதையிலும், 2017இல் 'லோகன்' திரைப்படத்திலும் இடம்பெற்றார்.

இம்மூன்று பாத்திரங்களும் தொலைக்காட்சித் தொடரின் தேவைக்காகப் பிறந்தவை. அவற்றை ஏற்று வளர்க்க அந்நாட்டில் வலுவான வரைகதைத் தொழில் இருந்தது.

இந்தியாவில் தொடக்கம்

இந்தியாவின் முதல் தொலைக்காட்சி இயங்குபடத் தொடராகக் கருதப்படுவது சுத்தசத்வ பாசு இயக்கிய 'காயப் ஆயா'. இது 1986இல் தூர்தர்சனில் வெளிவந்தது. மக்களுக்கு உதவும் நல்ல பேய் ஒன்றே இதன் நாயகன். 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபின் குழந்தைகளுக்கு இயங்குபடம் மிகுதியாகக் கிடைத்தது. ஆனால் திரையில் தோன்றியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நாயகர்கள்.

இந்தியாவின் புகழ்பெற்ற தொலைக்காட்சி மீநாயகனான சக்திமான் இயங்குபடத்தில் பிறந்தவன் அல்லன். முகேஷ் கன்னா நடித்த 'சக்திமான்' 1997இல் தூர்தர்சனில் தொடங்கி 2005 வரை ஒளிபரப்பான நேரடி நடிப்புத் தொடராகும். அதன் இயங்குபட வடிவம் 2011இல்தான் வெளிவந்தது.

இதிகாசத்திலிருந்து இயங்குபடம் எடுக்கும் முயற்சியில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'பாண்டவாஸ்: தி ஃபைவ் வாரியர்ஸ்' என்னும் முழுநீள முப்பரிமாண இயங்குபடத்தை உருவாக்கியது. ஆங்கிலத்தில் எடுக்கப்பட்ட இப்படம் அம்மொழிக்கான தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. 2005இல் வெளியான 'ஹனுமான்' திரைப்படம் பெற்ற வெற்றி, இந்தியக் குழந்தைகள் இந்திய இயங்குபடத்தையும் விரும்பிப் பார்ப்பார்கள் என்பதைத் தயாரிப்பாளர்களுக்கு உணர்த்தியது.

சோட்டா பீம்

ராஜீவ் சிலாக்கா 2001இல் ஐதராபாத்தில் கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் 'சோட்டா பீம்' தொடர் 2008 ஏப்ரலில் போகோ தொலைக்காட்சியில் அறிமுகமானது. டோலக்பூர் என்னும் கற்பனை நாட்டில் வாழும் ஒன்பது வயதுச் சிறுவனான பீம் இத்தொடரின் நாயகன்.

பெயரும் உடல்வலிமையும் உணவின் மீதுள்ள விருப்பமும் மகாபாரத வீமனிடமிருந்து வந்தவை. மற்றபடி இருவரும் ஒருவர் அல்லர். டோலக்பூர் பீமுக்குக் குருகுலப் பகையும் இல்லை, குருச்சேத்திரமும் இல்லை. மன்னர் இந்திரவர்மா, இளவரசி இந்துமதி, தோழி சுட்கி, சிறுவன் ராஜு, பேசும் குரங்கு ஜக்கு, போட்டியாளன் காலியா, அவனுடன் திரியும் இரட்டையர் டோலு, போலு ஆகியோர் அடங்கிய ஒரு சிற்றூர் வாழ்க்கையே அவனது உலகம். லட்டு உண்டதும் அவன் வலிமை பெருகும். பாப்பாய்க்குப் பசலைக்கீரை எப்படியோ பீமுக்கு லட்டு அப்படி. இதிகாசப் பெயர் பெற்றோருக்கு நன்கு அறிமுகமானது. கதையோ ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கக்கூடியது. தொடரின் நீடித்த வாழ்வுக்கு இவ்விரண்டும் துணைநின்றன.

சோட்டா பீமிலிருந்து கிளைத்தவர்கள்

சோட்டா பீமின் வெற்றிக்குப் பின் பல துணைத் தொடர்கள் உருவாயின. 2011இல் தொடங்கிய 'மைட்டி ராஜு' அவற்றில் ஒன்று. ஆர்யநகரில் வாழும் நான்கு வயது ராஜு இதன் நாயகன். அறிவியலாளரான தந்தை உருவாக்கிய கரைசலைத் தாய் கருவுற்றிருந்தபோது தவறுதலாகக் குடித்துவிட்டதால் அவனுக்குச் சிறப்பாற்றல் கிடைத்தது என்பது கதை. பீமின் வலிமைக்கு இதிகாசப் பெயரும் லட்டும் போதுமானவை. ராஜுவுக்கோ ஆய்வகமும் வேதிக்கரைசலும் தேவைப்பட்டன. இந்த வகையில் அவன் மேலைநாட்டு மீநாயக மரபுக்கு நெருக்கமானவன்.

2012 மே மாதம் 'சோட்டா பீம் அண்ட் தி கர்ஸ் ஆஃப் தம்யான்' திரையரங்குகளில் வெளியானது. தம்யான் என்னும் வில்லன் இதில் அறிமுகமானான். 2024இல் இதே கதை நேரடி நடிப்புப் படமாகவும் எடுக்கப்பட்டது. சக்திமான் நடிப்பிலிருந்து இயங்குபடத்துக்கு வந்தான். தம்யான் இயங்குபடத்திலிருந்து நடிப்புக்குச் சென்றான்.

2013 மே மாதம் வெளியான 'சோட்டா பீம் அண்ட் தி த்ரோன் ஆஃப் பாலி' திரைப்படத்தில் பாலித் தீவின் இளவரசன் அர்ஜுன் அறிமுகமானான். அடுத்த ஆண்டே 'அர்ஜுன்: பிரின்ஸ் ஆஃப் பாலி' என்ற தனித் தொடர் டிஸ்னி தொலைக்காட்சியில் தொடங்கியது. போகோவில் வளர்ந்த பீமின் கதையில் விருந்தாளியாக வந்தவன் போட்டித் தொலைக்காட்சியில் நாயகனானான். கதைமாந்தரின் உரிமை ஒளிபரப்பும் நிறுவனத்திடம் இல்லாமல் தயாரிப்பு நிறுவனத்திடம் இருக்கும்போதுதான் இத்தகைய இடமாற்றம் எளிதாகிறது.

2019 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 'மைட்டி லிட்டில் பீம்' வெளியானது. இதில் பீம் தவழும் குழந்தை. இத்தொடரில் வசனம் அநேகமாக இல்லை. எனவே இதைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசெல்ல மொழிமாற்றம் தடையாக இருக்கவில்லை.

துரைசிங்கம் முதல் லிட்டில் சிங்கம் வரை

2010 மே மாதம் ஹரி இயக்கத்தில் சூர்யா நடித்த 'சிங்கம்' தமிழில் வெளியானது. தூத்துக்குடி மாவட்டத்தின் நல்லூரில் காவல் உதவி ஆய்வாளராகப் பணிபுரியும் துரைசிங்கம் அதன் நாயகன். 2011 சூலையில் ரோகித் செட்டி இயக்கத்தில் அஜய் தேவ்கன் நடித்த இந்தி மறுவாக்கம் 'சிங்கம்' வெளிவந்தது. துரைசிங்கம் அங்கே பாஜிராவ் சிங்கம் ஆனார். நல்லூருக்குப் பதிலாகக் கோவா எல்லையை ஒட்டிய சிவ்கட் என்னும் ஊர் கதைக்களமாயிற்று. இரு படங்களிலும் வில்லனாக நடித்தவர் பிரகாஷ் ராஜ்.

2018 ஏப்ரலில் டிஸ்கவரி கிட்ஸ் தொலைக்காட்சியில் 'லிட்டில் சிங்கம்' தொடங்கியது. ரிலையன்ஸ் அனிமேஷனும் ரோகித் செட்டியின் நிறுவனமும் இதன் உருவாக்கத்தில் பங்குபெற்றன. மிர்ச்சி நகர் என்னும் கற்பனை ஊரைக் காக்கும் சிறுவனாக நாயகன் மாற்றப்பட்டான். காவல்துறைச் சீருடையும் சிங்கத்தைப் போன்ற பாய்ச்சலும் தொடர்ந்தன. கடத்தல்காரர்களின் இடத்தில் மாய ஆற்றல் கொண்ட தீயவர்கள் வந்தனர்.

டிஸ்கவரி கிட்ஸ் தமிழ் ஒலியிலும் கிடைத்ததால் லிட்டில் சிங்கம் தமிழும் பேசினான். தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் பிறந்த கதைமாந்தர் எட்டு ஆண்டுகளில் இந்தித் திரைப்படத்துக்கும் அங்கிருந்து இயங்குபடத்துக்கும் சென்று, மொழிமாற்றம் வழியாகத் தமிழுக்குத் திரும்பினார். இதற்கிடையில் நல்லூர் கதையிலிருந்து மறைந்துவிட்டது.

தமிழ் ஒலியும் பார்வையாளரும்

தமிழ்நாட்டில் இத்தொடர்கள் பரவியதற்கு இரண்டு நிகழ்வுகள் அடித்தளமிட்டன. 2006இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. 2007இல் சன் குழுமம் சுட்டி தொலைக்காட்சியைத் தொடங்கியது. நாள் முழுவதும் தமிழில் ஒளிபரப்பான குழந்தைகள் தொலைக்காட்சி இதுவாகும். 'ஜாக்கி சான்' சாகசத் தொடரும் 'டோரா'வும் இதன் வழியாகத் தமிழ்க் குழந்தைகளிடம் பெரும் வரவேற்புப் பெற்றன. பின்னர் இதே முறையில் தெலுங்கில் குஷி, கன்னடத்தில் சிண்டு, மலையாளத்தில் கொச்சு ஆகிய தொலைக்காட்சிகள் தோன்றின.

இவ்விரு நிகழ்வுகளாலும் தொலைக்காட்சி நாயகர்கள் பெருநகரங்களைத் தாண்டிச் சிற்றூர்களுக்கும் சென்றனர். இராணிப்பேட்டை மாவட்டத்தின் திமிரி போன்ற பேரூராட்சிகளிலும், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் நகரங்களிலும் தொலைக்காட்சி வாங்க இயலாதிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவசப் பெட்டி முதல் பெட்டியாக அமைந்தது. அத்தகைய வீட்டுக் குழந்தைக்கு ஆங்கிலமோ இந்தியோ தெரியாமலிருப்பது தடையாகவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் உருது பேசும் குடும்பங்களும் கணிசமாக வாழ்கின்றன. பல ஒலித்தடங்களுடன் ஒளிபரப்பாகும் ஒரே தொடரை அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு மொழிகளில் பார்க்க முடிந்தது.

இயங்குபடத்தை மொழிமாற்றுவது நேரடி நடிப்பை மொழிமாற்றுவதைவிட எளிது. இசையும் ஒலிக்குறிப்புகளும் ஒரு தடத்திலும் உரையாடல் வேறு தடத்திலும் இருப்பதால் உரையாடலை மட்டும் மாற்றினால் போதும். வரைந்த வாயசைவு சில எளிய வடிவங்களுக்குள் அடங்குவதால் தமிழ்ச் சொற்களைப் பொருத்துவதும் கடினமன்று. ஆனால் படத்துக்குள் வரையப்பட்டவை மாறுவதில்லை. பெயர்ப்பலகையின் எழுத்து, தெருவின் தோற்றம், கொண்டாடப்படும் பண்டிகை, உண்ணும் பண்டம் ஆகியன மூலத்தில் உள்ளபடியே இருக்கும்.

தமிழில் பிறந்த நாயகர் குறித்த கேள்வி

மேலே குறிப்பிட்ட இயங்குபடத் தொடர்களும் இயங்குபடங்களும் தமிழில் முதலில் எழுதப்பட்டவை அல்ல. சென்னையில் உருவான 'பாண்டவாஸ்' படத்தின் மொழிகூட ஆங்கிலமே. 2007இல் வெளியான 'இனிமே நாங்கதான்' தமிழில் எடுக்கப்பட்ட முழுநீள முப்பரிமாண இயங்குபடமாகும். இளையராஜா இசையமைத்தும் அதன் பாத்திரங்கள் தொலைக்காட்சித் தொடராக வளரவில்லை.

இதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகக் கூற முடியாது. கைகளால் வரைந்தாலும் கணினியில் உருவாக்கினாலும் இயங்குபடத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் செலவு மிகுதி. அச்செலவை ஈடுகட்ட ஒரே தொடரைப் பல மொழிகளில் விற்க வேண்டியுள்ளது. இந்தியில் தொடங்கிப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்வதே பெரிய சந்தையைத் தருகிறது. ஆயத்தத் தொடரை மொழிமாற்றும் செலவோ புதிதாக ஒன்றைப் படைக்கும் செலவில் சிறுபகுதிதான். ஆகவே தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் பேசும் நாயகர்கள் பலர் கிடைத்தாலும், தமிழ் ஊரில் வாழும் நாயகர்கள் மிகக் குறைவு.

ஐதராபாத்தில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் நாயகன் நாடு முழுவதும் பரவியதை நோக்கும்போது, தொடங்கும் இடம் மட்டும் தடையாக இருப்பதில்லை என்பது தெரிகிறது. துரைசிங்கத்தின் பயணமும் இதையே காட்டுகிறது. தமிழில் எழுதப்பட்ட ஒரு கதைமாந்தருக்கு மீநாயகனாகும் வலிமை இருந்தது. அவரைச் சிறுவனாக்கித் தொடராக வளர்க்கும் பணி வேறு மொழியில் நடந்தது.