இலவசப் பாடநெறிகளும் மொங்கோலியப் பையனும்

ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம், "நெட்ல எல்லாம் சும்மா கிடக்குதே, ஒரு கோர்ஸ் செய்யலாம்தானே" என்று நாங்கள் எல்லோருமே சொல்லியிருக்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்கள்தான் அதிகம் சொல்லியிருப்போம். அந்தச் 'சும்மா'வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2008இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டௌன்ஸ் இருவரும் ஒரு பாடநெறி நடத்தினார்கள. காசு கட்டியவர்கள் 25 பேர். இணையத்தில் இலவசமாக வந்து சேர்ந்தவர்கள் 2,000க்கும் மேல். 'மூக்' என்ற பெயர் பிறந்தது அப்போதுதான். 2011இல் ஸ்டான்போர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு ஏறத்தாழ 160,000 பேர் பதிந்தார்கள். அடுத்த ஆண்டு யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் எல்லாம் வந்துவிட்டன.

அந்த 2012இல் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். முழுப் புள்ளி எடுத்தவர்கள் 340 பேர். அவர்களில் ஒருவன் பத்துஷிக், மொங்கோலியாவின் உலான்பாத்தரில் படித்த 15 வயதுப் பையன். பிறகு எம்.ஐ.டி.யே அவனைச் சேர்த்துக்கொண்டது. இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம், ஆனால் பாதிக் கதையைத்தான். அவனுடைய அதிபரே எம்.ஐ.டி.யில் படித்துப் பட்டம் பெற்றவர். மாணவர்களை அந்தப் பாடத்தில் இறக்கிவிட்டவர் அவர்தான். ஸ்டான்போர்டிலிருந்து ஒருவர் ஆய்வுகூடக் கருவிகளோடு வந்து, கூட இருந்து செய்வித்தார்.

அப்படி யாரும் பக்கத்தில் இல்லாதவர்கள்? அந்தப் பாடத்தில் சான்றிதழ் வரை போனவர்கள் 7,000 சொச்சம்தான். எம்.ஐ.டி., ஹார்வர்ட் பாடநெறிகளை 2017-18இல் முடித்தவர்கள் 100க்கு 3 பேர் அளவில். சும்மா எட்டிப் பார்க்கப் பதிபவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு நடத்திய பாடங்களில் சித்தியடைந்தோர் மிகக் குறைவு. அங்கே சேர்ந்த பாடசாலைப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் கணினியே இருக்கவில்லை. 2014இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காட்டி ஈரான், சூடான், கியூபா மாணவர்களுக்குக் கோர்செரா கதவை மூடியது. 'உலகத்துக்கே இலவசம்' என்பதன் லட்சணம் அது! போகப் போகச் சான்றிதழுக்கும் காசு கேட்கத் தொடங்கினார்கள்.

போன வருடம் எங்கள் பிள்ளைகள் 14 பேர் ஒரு பாடநெறி தொடங்கினார்கள். மூன்றாவது வாரத்தில் சிலருக்கு டேட்டா முடிந்தது, சிலருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். நாங்களும் வட்ஸ்அப்பில் லிங்கை அனுப்பியதோடு சரி, ஒருநாள்கூடப் பக்கத்தில் உட்காரவில்லை.

இம்முறை சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் கணினி அறையைத் திறந்து தரும்படி அதிபரிடம் கேட்டிருக்கிறோம். ஆங்கிலம் தெரிந்த, பிள்ளைகளோடு கூட இருக்கக்கூடிய நானாமார், தாத்தாமார் இருந்தால் கீழே சொல்லுங்கள்.