துள்ளல் மெட்டும் துயர்ப்பொருளும்: ‘உவே ஓ முய்தே அருகோ’ பாடலின் நிலைபேறு

ஜப்பானிய மெல்லிசைப் பாடலான ‘உவே ஓ முய்தே அருகோ’ 1961இல் கியூ சகமோட்டோவின் குரலில் வெளிவந்தது. கண்ணீர் சிந்தாதிருக்க அண்ணாந்து நடப்பவனின் தனிமையே இதன் பாடுபொருள். அமெரிக்க–ஜப்பான் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிராக 1960இல் எழுந்த போராட்டம் தோல்வியுற்றதால் விளைந்த மனச்சோர்வே பாடலாசிரியர் ரொகுசுகே ஏய் இதனை இயற்றுவதற்குப் பின்புலமாயிற்று. எனினும், வரிகளில் அரசியல் வெளிப்படவில்லை. ஹச்சிதாய் நகமுராவின் துள்ளல் மெட்டும் இடையே வரும் சீழ்க்கையொலியும் துயரை மேலும் மறைத்தன.

மேலைநாட்டு வெளியீட்டாளர்கள் உச்சரிப்பு எளிமை கருதி, பாடலோடு தொடர்பற்ற ‘சுகியாகி’ என்னும் இறைச்சி உணவின் பெயரை இதற்குச் சூட்டினர். அப்பெயருடன் இப்பாடல் 1963 ஜூனில் அமெரிக்கப் பில்போர்டு தரவரிசையில் மூன்று வாரம் முதலிடம் வகித்தது. மொழியறியாதோர் இதில் மகிழ்ச்சியையே கேட்டனர் எனலாம்.

ஆயினும், இதன் நிலைபேற்றுக்கு மகிழ்ச்சி மட்டுமே காரணமன்று. 1985இல் சகமோட்டோ விமான விபத்தில் மறைந்த பின்னும் இப்பாடல் வழக்கொழியவில்லை. 2011 பெருநிலநடுக்கத்தை அடுத்து ஆறுதற்பாடலாக ஜப்பானில் மீண்டும் ஒலித்தது. துயரின் காரணத்தைப் பாடல் பெயரிட்டுக் கூறாமையே பிற்காலத் துயர்களுக்கும் அதில் இடமளித்தது. போராட்ட நினைவு அதில் மங்கியமைக்கும் அதுவே காரணமாகும்.