எட்டுக்கு நாலு

இரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்தது. நீளமாக ஒன்று, கனமாக ஒன்று. பின் சீட்டை மடித்துப்போட்டு இரண்டையும் திணித்துக்கொண்டு வந்தேன். காருக்குப் பின்னால் ஓட வேண்டிய வண்டி, காருக்குள் படுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற மலிவு விலைக் கருவிக் கடையில் வாங்கிய சிவப்பு ட்ரெய்லர் அது. தோட்டக் குப்பை, பழைய சோபா, புல்வெட்டும் மெஷின் இவற்றை ஏற்றிப்போக உண்டானது. போல்ட்டுகளை முடுக்கிச் சட்டத்தைச் சேர்த்தால் 8 அடி நீளம், 4 அடி அகலம், 12 அங்குலச் சக்கரம். 1,195 பவுண்டு தாங்கும். ஏறக்குறைய 540 கிலோ. அதன்மேல் இருவர் படுக்க ஒரு பெட்டியும், பின்னால் மூடியைத் தூக்கினால் ஒரு சமையல் மேடையும் கட்டினால் டியர்டிராப் கேம்பர் ஆகிவிடும். முன்னால் உருண்டு பின்னால் சரிந்து இறங்குவதால் கண்ணீர்த்துளி என்று பெயர். பாதி கட்டியதை வீடியோ காலில் பார்த்த அம்மாவுக்குக் கண்ணீர்த்துளி எதுவும் தெரியவில்லை. "என்னடா, கூண்டு வண்டி மாதிரி இருக்கு. மாடு எங்க?" என்றாள். வளைந்த வாரிகளும் அதன்மேல் போர்த்திய கூரையும் கூண்டு வண்டிதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை.

சட்டத்தின் அளவைக் கேட்டதும் ஊர்த் தச்சர் எவரும் சிரிப்பார். பிளைவுட் கடையில் "எட்டுக்கு நாலு" என்றால் எடுத்துப்போடும் ஷீட் அதே அளவுதானே. நான் இருக்கும் மிச்சிகனிலும் அதே ஷீட். தரைக்கு ஒன்று அப்படியே உட்காரும், பக்கச் சுவர்களுக்குத் தலா ஒன்று, வெட்டிக் கழிப்பது கொஞ்சம்தான். அகலத்தில்தான் இடிக்கிறது. 4 அடி என்றால் 48 அங்குலம்; அமெரிக்க டபுள் மெத்தை 54 அங்குலம், குவீன் 60. இரண்டும் இறங்காது. நுரைப் பாளம் வாங்கிக் கத்தியால் அறுத்தோம்.

இந்த வண்டியின் பூர்வீகம் 1930கள். பெருமந்தக் காலத்தில் கையில் காசில்லாதவர்கள் ஒட்டுப்பலகையில் இரண்டு பேர் படுக்கும் அளவுக்குக் கூடு கட்டிச் சிறிய கார்களில் இழுத்துப் போனார்கள். கைவேலைப் பத்திரிகைகள் வரைபடம் போட்டன. போர் வந்தது, பெட்ரோல் ரேஷனில் போயிற்று, அலுமினியம் விமானத்துக்குப் போயிற்று. போர் முடிந்ததும் அதே அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் உபரிச் சரக்காகத் திரும்பி வந்தன. நாடு திரும்பிய சிப்பாய்கள் அவற்றை வைத்துக் கட்டினார்கள். 1947இல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழில் இருவருக்கான ட்ரெய்லர் வரைபடம் வந்தது. 1950களில் கார் எஞ்சின்கள் பெருத்தன, 1956க்குப் பிறகு இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் நீண்டன. உள்ளே நின்று நடமாடும் பெரிய ட்ரெய்லர்கள் வந்ததும் கண்ணீர்த்துளியைக் கேட்க ஆளில்லை. இப்போது சின்ன காரும் பெட்ரோல் விலையும் சேர்ந்து அதைத் திரும்ப இழுத்து வந்திருக்கின்றன.

சட்டத்தையும் நீயே வெல்டிங் வைத்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். வைத்திருக்கலாம். கையால் செய்த சட்டத்துக்குப் பல மாநிலங்களில் பரிசோதனை, சான்றிதழ் என்று அலைய வேண்டும். கடை ட்ரெய்லருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் காகிதத்தைக் காட்டினால் நம்பர் பிளேட் வந்துவிடும்.

அடுத்து எடையோடு மல்லுக்கட்டு. முக்கால் அங்குல பிளைவுட் ஷீட் ஒன்று 30 கிலோவை நெருங்கும். வீட்டுச் சுவருக்குள் வெப்பத் தடுப்பாக வைக்கும் இளஞ்சிவப்பு நுரைப்பலகை, ஓர் அங்குலத் தடிமனில், அதே எட்டுக்கு நாலில், 2 கிலோகூட வராது. அதனால் சுவருக்குக் கால் அங்குல பிளைவுட், அதற்குள் மரச்சட்டம், சட்டத்தின் இடைவெளியில் நுரை. கூரை வளைவுக்கு எட்டில் ஒரு அங்குல லுவான். பிலிப்பைன்ஸ் மரத்தின் பெயர் அது. வெந்நீர்த் துணியைப் போர்த்தி, பட்டையால் இழுத்துக் கட்டி ஒரு ராத்திரி விட்டால் காலையில் சொன்ன பேச்சைக் கேட்கும்.

வெளித்தோலுக்கு அலுமினியம் வாங்கப் பணமில்லை. பெயின்ட் அடிப்பவர்கள் தரையில் விரிக்கும் கான்வாஸ் துணி, டைட்பாண்ட் 2 என்ற தண்ணீர் தாங்கும் மரப்பசை, வீட்டு வெளிச்சுவர் பெயின்ட்: இந்த மூன்றையும் சேர்த்து ஏழையின் ஃபைபர்கிளாஸ் என்கிறார்கள். வித்தை பழையது, மெய்ன் மாநிலத்தில் மரத் தோணிக்கு மேல் கான்வாஸ் இழுத்துப் பெயின்ட் அடித்து ஆற்றில் விட்டவர்கள் உண்டு. பசையைத் தடவி, துணியை விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். முதல் கோட் பெயின்ட்டில் தண்ணீர் கலக்க வேண்டும், அப்போதுதான் நூலுக்குள் இறங்கும். பிறகு மூன்று கோட். தட்டினால் முரசுத் தோல்போல ஒலிக்கிறது. ஒரே சங்கடம், அந்தப் பசை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பிடிக்காது. மார்ச்சில் தயாரான கூடு, மே வரை கராஜில் அம்மணமாக நின்றது.

லைட்டுக்கு நாலு ஒயர். வெள்ளை எர்த், பிரவுன் பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கியது. பாதி நாள் தேடினேன். வெள்ளை ஒயரை முடுக்கிய இடத்தில் சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன்.

லாரி ஓட்டுநர்கள் எடை போடும் கேட் ஸ்கேலில் நிறுத்தினோம். சாமான்களோடு 900 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். சட்டம் தாங்கும், சரி. ஆனால் காரின் கொக்கியில் அழுத்தும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். முன்மூக்கின் கீழே கட்டையும் குளியலறைத் தராசும் வைத்துப் பார்த்தேன்: 60 பவுண்டு. பின்பக்கம் கனத்த ட்ரெய்லர் வேகத்தில் வாலை ஆட்டும், காரையும் சேர்த்து ஆட்டும். குற்றவாளி சமையல் மேடைக்கு அடியில் இருந்த 20 லிட்டர் தண்ணீர் கேன். அதை முன்னால் ஒரு பெட்டி வைத்து மாற்றியதும் 110. தோசைக்கல்லை வீட்டிலேயே விட்டுவரலாமா என்று கேட்டேன். "உங்க டூல் பாக்ஸை விட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி. கல் வந்தது.

முதல் பயணம் மேக்கினா பாலம் தாண்டி, சுப்பீரியர் ஏரிக்கரைக்கு. மிச்சிகனின் இரண்டு தீபகற்பங்களை இணைக்கும் அந்தப் பாலம் 1957இல் திறந்தது. 8 கிலோமீட்டர் நீளம். உள் லேனில் இரும்புச் சல்லடை, டயர் அதில் ரீங்காரமிடும். பலத்த காற்றென்று எல்லோரையும் 20 மைல் வேகத்துக்குக் குறைக்கச் சொன்னார்கள். கண்ணாடியிலேயே கண்ணை வைத்திருந்தேன். கூண்டு வண்டி அசையவில்லை. கரையேறியதும் நிறுத்தி, சக்கரத்தின் நடுமூடியைத் தொட்டுப் பார்த்தேன். சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும், பேரிங் சூடாகும். இளஞ்சூடுதான்.

ராத்திரி மழை. விடியற்காலை என் நெற்றியில் சொட்டியது. இவ்வளவு பசையும் வீணா என்று எழுந்து விரலால் தடவினால் கூரை முழுக்க நீர்ப்பொட்டுகள். மழை இல்லை, எங்கள் மூச்சு. குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு பேர் எட்டு மணி நேரம் விட்ட மூச்சு. மழை உண்மையில் உள்ளே வந்தது பின்மூடியில். செலவைக் குறைக்க நான் போட்டிருந்த சாதாரணப் பியானோ கீல் வழியாக இறங்கி, ரவை டப்பாவை நனைத்திருந்தது. இதற்கென்றே ஹரிக்கேன் கீல் என்று ஒன்று விற்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல மாட்டும் இரண்டு அலுமினியப் பட்டைகள், தண்ணீர் மேலேயே வழிந்து ஓடிவிடும். திரும்பி வந்ததும் அதைப் போட்டேன். கூரையில் ஒரு சின்ன ஃபேனும் வைத்தேன். ஃபேன் வைக்கும் ஓட்டையை முதலிலேயே போட்டிருந்தால் கான்வாஸை வெட்டியிருக்க வேண்டாம்.

யாராவது கட்டுவதாக இருந்தால், பிளைவுட் வாங்கப் போவதற்கு முன்னால் வீட்டுத் தரையில் நாலடிக்கு ஆறரை அடி சாக்பீஸால் கட்டம் போடுங்கள். இரண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்க அதற்குள் படுத்துப் பாருங்கள்.