காதும் கணினியும்

மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் லூல்கந்துரைத் தோட்டத்துப் பங்களாவின் விறாந்தையிலிருந்தே தொடங்குவர். 1867ஆம் ஆண்டில் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், பறித்த கொழுந்தை விறாந்தை மேசைகளின்மீது கையாலேயே உருட்டச் செய்தார். கரியடுப்பின்மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார். 1872 அளவில் உருட்டும் இயந்திரம் வந்தது. மறு ஆண்டு 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. கையின் வேலையை இயந்திரம் பறித்துக்கொண்டபோது தொழிலின் நயமும் உடன் போயிற்றா என்ற கேள்விக்கு ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தொழிற்சாலைகள் ஒருவாறு விடை கூறியுள்ளன. அதே கேள்வி இப்பொழுது வேறொரு துறையில், அதுவும் விளையாட்டுத் துறையில், எழுந்துள்ளது. கணினி வந்தபின் அமெச்சூர் வானொலிப் போட்டியின் இன்பம் குன்றிவிட்டதா என்பதே அக்கேள்வி.

அமெச்சூர் வானொலியாவது யாது? ஊதியம் கருதாமல், அரசின் உரிமம் பெற்று, சொந்தக் கருவிகொண்டு பிறநாட்டாரோடு வான்வழி பேசும் கலை. இலங்கையில் வானொலியின் பிறப்பே இவ்வார்வலரோடு பிணைந்தது. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளால் அமைத்த ஒலிபரப்பியைக் கொண்டு, இசைத்தட்டுகளை வானில் ஏற்றினார் எட்வேர்ட் ஹாப்பர். இலங்கை வயர்லெஸ் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. சென்னையிலும் இதுவே நிலை: 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த மாகாண வானொலிச் சங்கமே அந்நகரின் முதல் ஒலிபரப்பை நிகழ்த்தியது. ஆர்வலர் முன்னே சென்றனர். அரசுகள் பின்னே வந்தன.

அக்காலத்தில் இலங்கை ஆர்வலரின் அழைப்புக்குறி ‘வி.எஸ்.7’ என்று தொடங்கியது. நாடு விடுதலை பெற்றபின் ‘4எஸ்7’ ஆயிற்று. இக்குறியைப் பெறுவதும் கருவி வாங்குவதும் வசதி படைத்தோர்க்கே இயன்றன. லயத்து அறையில் வாழ்ந்தவர்க்கு வானொலி கேட்கும் பெட்டியே பெரும்பொருள். பேசும் பெட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

போட்டியின் விதி எளியது. குறித்த நேரத்திற்குள் இயன்றவரை பல நிலையங்களோடும் பல நாடுகளோடும் தொடர்புகொள்ளல் வேண்டும். 1948இல் தொடங்கிய ‘சி.கியூ. உலகளாவிய போட்டி’ 48 மணி நேரம் நீடிப்பது. அது உலகை 40 வலயங்களாகப் பகுத்துள்ளது; இலங்கையும் தென்னிந்தியாவும் 22ஆம் வலயத்தன. முன்னாளில் ஆர்வலர் ஒருவர் காதில் செவிப்பேசியை மாட்டி, இடக்கையால் சுழற்றியைத் திருப்பி, வலக்கையால் மோர்ஸ் சாவியைத் தட்டி, இடையிடையே பென்சிலால் குறிப்பேடும் எழுதுவார். ஒரே நிலையத்தோடு ஒரே அலைவரிசையில் இருமுறை பேசினால் புள்ளியில்லை. ஆகவே பேசியோர் பட்டியல் ஒன்றையும் பக்கத்திலே வைத்துத் தேடல் வேண்டும். போட்டி முடிந்தபின் குறிப்பேட்டைப் படியெடுத்துத் தபாலில் அனுப்புவதற்குச் சில இரவுகள் கழியும். மூடுபனி சூழ்ந்த மலைச்சரிவிலே, விடியும் வேளையில் வானின் மின்னணு அடுக்குகள் மாறி ஒரு கண்டத்தின் குரல் மங்க மற்றொன்றின் குரல் எழுவதைக் கேட்பதில் ஓர் இன்பம் உண்டு. சிற்றலையில் நிலையம் தேடிய நேயர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

1980களின் நடுவில் கென் வுல்ஃப் என்னும் அமெரிக்கர் ஆக்கிய ‘சி.டி.’ என்ற செயல்நிரல், குறிப்பேட்டையும் பட்டியலையும் கணினிக்குள் அடக்கியது. பின்பு அழைப்பை ஓயாமல் கூறும் வேலை பதிவு செய்த குரலுக்குச் சென்றது. இவற்றால் இன்பம் கெட்டது என்று வருந்துவதற்கில்லை. பட்டியல் தேடுவதை எவரும் இன்பத்திற்காகச் செய்யவில்லை. ஆனால் 2008இல் வந்த ‘சி.டபிள்யூ. ஸ்கிம்மர்’ வேறு வகையது. அது ஓர் அலைவரிசை முழுவதிலும் ஒலிக்கும் மோர்ஸ் குறிகளை ஒருங்கே கேட்டு, யார் எங்கே இருக்கிறார் என்பதைத் திரையில் எழுதிக் காட்டும். 2017இல் ஜோசப் டெய்லரும் ஸ்டீவன் ஃபிராங்கும் ‘எஃப்.டி.8’ முறையை அளித்தனர். டெய்லர் 1993இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். அம்முறையில் 15 வினாடிக்கு ஒருமுறை செய்தி மாறும். காதுக்கு எட்டாத மெல்லிய குறியையும் கணினி பிரித்தறியும். கேட்பவர் யார் என்ற ஐயம் இங்கே பிறக்கிறது.

தோட்டத்து ஸ்டோருக்குள் சென்று பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். கொழுந்தை உருட்டுவது றோலர், உலர்த்துவது சூளை, காம்பைப் பிரிப்பதும் இப்பொழுது பல இடங்களில் நிறம் காணும் மின்னணுக் கருவி. எனினும், உருட்டிய இலை நொதித்துச் செம்புநிறம் கொள்ளும் வேளையில், இன்னும் சற்று விடுவதா, உடனே சூளைக்கு அனுப்புவதா என்பதை மூக்கால் முகர்ந்து தீர்ப்பவர் டீமேக்கரே. அன்றைய மழை, காற்று, கொழுந்தின் பதம் யாவும் அவரது கணக்கில் அடங்கும். றோலர் அவருடைய தோளை இளைப்பாற்றியது, மூக்கைத் தொடவில்லை. ஸ்கிம்மரோ ஆர்வலரின் காதையே தொட்டுவிட்டது.

இவ்வொப்புமையை மிக நீட்டுதல் தகாது. வானொலிப் போட்டி பொழுதுபோக்கு. மலையிலே கொழுந்து பறிப்பது வயிற்றுப்பாடு. நிறுவைக்கு முன்னே கூடையை நிரப்ப விரையும் பெண்ணுக்குக் கைத்திறனின் இன்பத்தைப் போதிப்பது கேலியாகவே முடியும். அவள் பாரத்தைக் குறைக்கும் கருவி எதுவாயினும் அதனை வரவேற்றல் வேண்டும். தானே விரும்பி மேற்கொண்ட தொல்லையை மட்டுமே ஒருவர் இன்பம் என்று கூற உரிமையுடையவர்.

ஆயினும் இப்பொழுதுபோக்கிற்கு வேறொரு பயனும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தார் ஹம்பாந்தோட்டைக்குச் சென்று, சிற்றலை வழியே கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். இரைச்சலுக்கிடையே ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் பிழையின்றிப் பிடிக்கும் காது, போட்டிகளில் பல இரவுகள் விழித்திருந்து பெறப்படுவது. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பரில் ‘திட்வா’ புயல் மலையகத்துப் பாதைகளைத் துண்டித்தது. மண்சரிவு கம்பத்தையும் கோபுரத்தையும் ஒருசேரச் சாய்க்கும் இந்நாட்டில், அத்தகைய காதுகள் குறைவதைப் பொழுதுபோக்கின் நட்டமாக மட்டும் எண்ணிவிட முடியாது.

விதி வகுப்போர் இதனை உணராமலில்லை. ஸ்கிம்மர் காட்டும் பட்டியலைப் பயன்படுத்துவோரை ‘உதவி பெற்றோர்’ என்று தனிப் பிரிவில் நிறுத்தினர். நூறு நாடுகளோடு பேசியோர்க்கு விருது வழங்கும் அமெரிக்கச் சங்கமும், ஒவ்வொரு தொடர்பையும் இருபுறத்திலும் மனிதரே நேராகத் தொடங்கியிருத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது.

இலங்கையருக்கு இதில் ஒரு நற்பேறும் வாய்த்திருக்கிறது. 4எஸ்7 அரிய குறி. அக்குறியோடு ஒருவர் வானில் ஏறினால் அவர் எவரையும் தேடிப் போக வேண்டுவதில்லை; உலகமே அவரைத் தேடி ஒரே நேரத்தில் கூவும். இத்தாலியரும் ஜப்பானியரும் ரஷ்யரும் ஒருவர்மேல் ஒருவராக ஒரே இடத்தில் பேசும் அந்தக் குரற் குவியலிலிருந்து ஓர் அரைச்சொல்லைப் பற்றி இழுத்து, அதற்குரியவரை அழைத்து, மற்றவரை அமைதியாக இருக்கச் செய்வது இன்றளவும் காதின் வேலையாகவே இருந்துவருகிறது.